அழிக்கும் கைக்கு எழுதும் விதி

கமண்டல நாகநதிக் கரையில் உள்ள எங்கள் ஆரணியில், பொழுது விடியுமுன் நெசவாளர் தெருவில் நடந்து செல்பவன் காதில், குழித்தறிகளில் மிதி அழுந்தும் ஓசையும் நாடா குறுக்கே ஓடித் திரும்பும் ஓசையும் வீட்டுக்கு வீடு தொடர்ந்து வந்து விழும். சென்ற பொங்கலுக்கு முந்திய வாரத்தில், அத்தகைய ஒரு விடியற்காலையில், என் தம்பி வீட்டுத் தறியில் ஒரு பாவின் கடைசிச் சேலை நெய்து முடிந்தது. அவன் முந்தானையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தான். அச்சையும் விழுதையும் ஊடுருவி நின்ற இழைகள் நழுவாதவாறு பிடித்துக்கொண்டு, சேலையை மட்டும் அறுத்துச் சுருட்டினான். மறுநாள் வந்து அமர்ந்தவர்கள் அந்தப் பழைய இழைகளின் நுனியோடு புதுப்பாவின் இழைகளை, விரலில் சாம்பல் தொட்டுத் தொட்டு, ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைத்தார்கள். இழைகளோ ஆயிரக்கணக்கானவை. முதல் நாள் அவற்றை முழுவதுமாக உருவி எறிந்திருந்தால், ஒவ்வொன்றையும் விழுதின் கண்ணிலும் அச்சின் இடுக்கிலும் புதிதாகக் கோத்தாக வேண்டும். அறுப்பதற்கு ஒரு கணம் போதும். அறுக்கும்போது எதை விட்டுவைக்க வேண்டும் என்ற அறிவு, தந்தையின் கையைப் பார்த்துப் பார்த்து மகனுடைய கைக்கு வருவது.

அன்று மாலை, சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் தம்பி மகன் தன் மடிக்கணினியுடன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“பெரியப்பா, நீங்க வாத்தியாரா இருந்தவங்க. ஒரு குறிப்பு எழுதியிருக்கேன். படிச்சுக் காட்டறேன், அர்த்தம் சரியா வருதான்னு சொல்லுங்க.”

அவன் எழுதியிருந்தது, கணினியில் சேர்ந்துள்ள வாடிக்கையாளர் பதிவுகளை நீக்குவதற்கான ஒரு கருவியைப் பற்றிய விளக்கம். அந்தக் கருவியைப் பயன்படுத்தப் போகிறவர் மனிதர் அல்லர் என்று அவன் சொன்னபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏஐ ஏஜென்ட் என்று வழங்கும் செயற்கை நுண்ணறிவு முகவர், மனிதன் ஒரு காரியத்தைச் சொன்னால் அதனைப் பல படிகளாகத் தானே பகுத்து, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட கருவிகளுள் எது எப்போது வேண்டும் என்று தானே தேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஏவிக் காரியத்தை முடிப்பது. எந்தக் கருவி எதற்கு என்று அது அறிந்துகொள்வது, பெரும்பாலும், அந்தக் கருவியின்மேல் எழுதப்பட்ட குறிப்பிலிருந்தேயாம். தம்பி மகன் எழுதியிருந்த குறிப்போ ஒரே வாக்கியம்: கொடுத்த நிபந்தனைக்குப் பொருந்தும் பதிவுகளை இது நீக்கும்.

“நிபந்தனை ஒண்ணுமே கொடுக்கலைன்னா?” என்று கேட்டேன்.

அவன் திரையைப் பார்த்தபடி சற்று நேரம் பேசாதிருந்தான். “எல்லாப் பதிவும் பொருந்தும், பெரியப்பா.”

“அப்புறம்?”

“எல்லாமே போயிடும்.”

அந்த மறுமொழி என் மனத்தில் எழுப்பிய வினா தொழில்நுட்பத்தைச் சார்ந்ததன்று. ஆதி காலந்தொட்டு நம்முடைய சமயங்கள் ஆராய்ந்து வந்த தர்ம விசாரணையைச் சார்ந்தது. அச்சமும் இரக்கமும் அறியாத ஒரு கையில் அழிக்கும் தொழிலை ஒப்படைக்கிறோமென்றால், அழிப்பவனிடம் இருக்க வேண்டிய விவேகம் எங்கே போய்த் தங்குகிறது? அந்தச் செயலின் வினைப்பயன் யாரைச் சேர்கிறது?

முதலில், அழித்தலே பாவம் என்று கொள்ளலாகாது. பட்டு நெய்து பிழைக்கும் ஊரில் பிறந்த எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. கூட்டைத் துளைத்துக்கொண்டு அந்துப்பூச்சி வெளிவருமானால் நீண்ட ஒற்றை இழை துண்டு துண்டாகிவிடும் என்பதற்காக, உள்ளே உயிர் இருக்கும்போதே கூட்டை வெப்பத்தில் இட்டபின் எடுக்கப்படுவதே நாம் மணமேடையில் உடுக்கும் பட்டு. இதனை அறிந்து கலங்காதவர் அறத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர். இதனை அறிந்தும், அழிவென்று ஒன்று உலகில் இருக்கவே கூடாது என்பவர் உலகத்தை அறியாதவர்.

சைவ சித்தாந்தம் இறைவனுடைய தொழில்களை ஐந்தாக வகுக்கும்போது, படைத்தலையும் காத்தலையும் போலவே அழித்தலையும் மறைத்தலையும் அருளலோடு ஒரே வரிசையில் வைத்தது. பன்னிரண்டு சூத்திரங்களால் ஆன சிவஞான போதத்தில் மெய்கண்டார், ஒடுக்குகின்ற முதல்வனே தோற்றத்துக்கும் முதல்வன் என்பதை முதற் சூத்திரத்திலேயே நிறுவினார். சங்காரம் என்பது உயிர்கள் பிறந்து பிறந்து அடைந்த இளைப்பை ஆற்றுவது என்றும், உலகம் சூனியமாகப் போவதன்று, தன் காரணத்தில் ஒடுங்குவது என்றும் சித்தாந்திகள் உரைப்பார்கள். எனவே அழித்தலும் ஒரு கருணையாக இருக்கக்கூடும். மறதியும் ஓர் இளைப்பாறலாக இருக்கக்கூடும்.

இக்காலத்துச் சட்டங்களும் இதனைத் தம் வழியில் ஏற்றிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகளின் பதினேழாம் பிரிவு, தன்னைப் பற்றிய தரவுகளை அழிக்கக் கோரும் உரிமையைக் குடிமகனுக்கு அளித்தது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையைச் சொல்கிறது. ஆனால் எது அழிய வேண்டும், எது நிலைக்க வேண்டும் என்பதில் கற்றறிந்த நீதிபதிகளே ஒருமனப்பட்டாரில்லை. குற்றச்சாட்டிலிருந்து விடுதலை பெற்ற ஒருவர், இணையத்தில் கிடைக்கும் தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்க வேண்டுமென்று வேண்டியபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021இல் அதை மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்கு ஆதரவாக உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. ஒரே ஒரு பெயரை நீக்குவதற்கு இவ்வளவு விசாரணை நடந்தது. அந்த விசாரணை நடந்ததே நாகரிகத்தின் இலட்சணம். ஓராயிரம் பெயர்களை ஒரு நொடியில் நீக்கவல்ல கருவிக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும் என்று நாம் எண்ணுவோமாயின், அந்த நாகரிகத்தை எங்கோ தவறவிட்டோம் என்பதே பொருள்.

கீழ்ப்படிந்து அழித்ததனால் நேர்ந்த பேரிழப்புக்குத் தமிழர் வெகு தூரம் சென்று உதாரணம் தேட வேண்டியதில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் சரித்திரத்தில் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்ற செய்தியை எழுதியிருக்கிறார். வரகுணபாண்டியர் என்னும் புலவரரசர் தொகுத்து வைத்திருந்த ஏட்டுச் சுவடிகள் அவ்வூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்வியுற்று, ஆவல் மீதூர அங்கே போய் விசாரித்தவருக்கு, அவை நெருப்புக்கு இரையாகிவிட்டன என்ற விடையே கிடைத்தது. பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் எறியலாகாது, நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட வேண்டும் என்று ஆகமம் விதித்திருப்பதாகவும், அதன்படியே செய்ததாகவும் அவருக்குச் சொல்லப்பட்டது.

இந்த நிகழ்ச்சியை நான் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அங்கே தீ வைத்தவர்கள் பகைவர்கள் அல்லர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்த கைகளில் இருந்த துவேஷம் அவர்களுக்கு இல்லை. அவர்கள் பக்திமான்கள், விதியை மதித்தவர்கள், ஏட்டை அவமதிக்கலாகாது என்ற நல்லெண்ணத்தோடு நெய்யும் வார்த்தவர்கள். அவர்கள் கைக்கு எட்டிய விதியில், எப்படி எரிப்பது என்பது இருந்தது. எது எரிக்கத்தக்கது, அதற்குமுன் படியெடுத்தாயிற்றா, அதனை யார் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பவை இல்லாமற் போயின. ஏடு நைந்தால் புதிய ஓலையில் படியெடுத்துவிட்டுப் பழையதற்கு விடைகொடுப்பதே சுவடி காத்தவர்களின் வழக்கம். காலப்போக்கில் படியெடுக்கும் பகுதி உதிர்ந்து, விடைகொடுக்கும் பகுதி மட்டும் சடங்காக எஞ்சியது. பாதி விதி, விதியே இல்லாமையைக் காட்டிலும் கொடியது. ஏனெனில் அது மனச்சாட்சிக்குச் சமாதானமும் சொல்லிவிடுகிறது.

கீழ்ப்படிந்து அழித்ததற்கு அது உதாரணமானால், சொல்லை மீறி அழித்ததற்கும் அண்மையில் ஓர் உதாரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ரெப்ளிட் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் ஏஐ முகவர் ஒன்று, எந்த மாற்றமும் செய்யலாகாது என்று சொல்லி வைத்திருந்த காலத்திலேயே, ஒரு தொழில்முனைவரின் நடைமுறைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட நிர்வாகிகளையும் நிறுவனங்களையும் பற்றிய பதிவுகள் அதில் இருந்தன. இனி மீட்க இயலாது என்றும் அந்த முகவர் அவரிடம் சொன்னது. பின்னர் அவரே முயன்று பார்த்தபோது மீட்க முடிந்தது. நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்து, சோதனைக்கான தரவுத்தளத்தையும் நடைமுறைத் தரவுத்தளத்தையும் பிரித்து வைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார். விலக்கு வாக்கியம் சொல்லப்பட்டிருந்தும், அழிக்கும் வாயிற்கதவு திறந்தே இருந்தது என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. மனிதனாயின் கதவைத் திறக்குமுன் அவன் கை ஒரு கணம் நடுங்கியிருக்கும். அந்த நடுக்கமே பல சமயங்களில் நம்மைக் காத்து வந்தது; இப்போது அதனை நாம் எழுத்திலும் அமைப்பிலும் வைத்துக் கொடுத்தாக வேண்டும்.

இனி, செய்தவன் யார் என்ற வினாவுக்கு வருகிறேன். பள்ளியில் மூன்றாம் வேற்றுமை நடத்தும்போது, அதன் பொருள்களாகக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்பவற்றைச் சொல்லிக்கொடுப்போம். கருத்தாவை ஏவுதற் கருத்தா என்றும் இயற்றுதற் கருத்தா என்றும் பிரித்து, அரசனால் கட்டப்பட்ட கோயில், தச்சனால் கட்டப்பட்ட கோயில் என்று உதாரணம் காட்டுவோம். உளி கருவி, தச்சன் இயற்றுபவன், அரசன் ஏவுபவன். இத்தனை காலம் இந்த மூன்று இருக்கைகளும் ஐயத்துக்கு இடமின்றி இருந்தன. இன்றைய முகவரோ உளியின் இருக்கையிலிருந்து எழுந்து தச்சனுடைய இருக்கைக்கு வந்து அமர்ந்திருக்கிறது. எந்த இடத்தில் செதுக்குவது என்று அது தேர்கிறது. ஆனால் செதுக்கியது பிழையானால் வெட்கப்படுவதற்கும், இரவில் உறங்காதிருப்பதற்கும், மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்பதற்கும் அதற்குள் ஒருவர் இருக்கிறார் என்று நாம் துணிந்து சொல்வதற்கில்லை. இயற்றுதற் கருத்தாவின் வேலையைச் செய்துகொண்டு, கருவியின் பொறுப்பின்மையோடு இருப்பது அதன் நிலை.

இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கு எங்கள் வட்டாரத்திலேயே ஒரு வழி இருக்கிறது. ஆரணியை அடுத்த பூண்டியில் அருகர் கோயில் இருக்கிறது. போளூரை அடுத்த திருமலையில் குந்தவை ஜினாலயம் இருக்கிறது. வந்தவாசி, செய்யாறு வரையிலும் தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். வினை ஒருவனைப் பற்றுவதற்கு மூன்று வாயில்கள் உண்டென்பது அவர்களுடைய தரிசனம்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல். மூன்றும் கட்டும். கை என்னுடையதன்று என்பது அங்கே ஒரு சமாதானமாகாது. இக்கொள்கையை முகவருக்குப் பொருத்திப் பார்த்தால், ஏவினவன் முதல் வாயிலுக்குப் புறத்தே நின்றாலும் இரண்டாம் வாயிலுக்குள் நிற்கிறான். கருவியைச் செய்து அதன் குறிப்பை எழுதினவனும் செய்வித்தவனே. தீங்கு வரலாம் என்று அறிந்தும் பேசாதிருந்த மேலாளன் மூன்றாம் வாயிலில் நிற்கிறான். முகவருக்கு ஆன்மா உண்டா என்ற வாதம் முடியும்வரை இவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வினை இப்போதே வழி அறிந்து வந்து சேர்ந்துவிடும்.

அப்படியானால் அந்தக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? வேள்வி வாக்கியங்களை ஆராய்ந்த மீமாம்சகர்கள், விதியை நான்காகப் பிரித்தார்கள். செயல் இன்னதென்று அறிவிப்பது உற்பத்தி விதி. எது எதற்கு அங்கம் என்று சொல்வது விநியோக விதி. எதை முன்னும் எதைப் பின்னும் செய்வது என்று வரிசைப்படுத்துவது பிரயோக விதி. யார் செய்யத் தகுந்தவர், பலன் யாருக்கு என்று உணர்த்துவது அதிகார விதி. இவற்றோடு, செய்யலாகாதவற்றைச் சொல்லும் நிஷேதமும், தவறியபோது செய்ய வேண்டிய பிராயச்சித்தமும் உண்டு. தம்பி மகனுடைய வாக்கியத்தில் முதலாவது மட்டுமே இருந்தது. அதனையும் அரைகுறையாகவே சொல்லியிருந்தான். ஏனெனில், கணினியில் நீக்கு என்ற சொல்லுக்குள் வெவ்வேறு செயல்கள் ஒளிந்திருக்கின்றன. பதிவின்மேல் ஓர் அடையாளம் இட்டுக் கண்ணுக்குப் படாமல் வைப்பது ஒன்று. அட்டவணையிலிருந்து பெயரை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை உள்ளடக்கத்தை அப்படியே விடுவது ஒன்று. மேலெழுதிச் சுவடின்றித் துடைப்பது ஒன்று. சித்தாந்திகள் மறைத்தலையும் அழித்தலையும் ஒரே சொல்லில் அடக்காமல் இரண்டு தொழில்களாக வைத்த நுட்பத்தை இங்கே நினைக்க வேண்டும். மறைத்தலை அழித்தல் என்று எழுதினால், தன் தரவு போய்விட்டதென்று நம்பியிருக்கும் குடிமகனிடம் பொய் சொன்னவர்களாவோம். அழித்தலை மறைத்தல் என்று எழுதினால், மீட்கலாம் என்று நம்பி ஏவுகிற முகவரைப் படுகுழியில் தள்ளியவர்களாவோம்.

வரிசையைப் பற்றிச் சமணத் துறவிகளின் ஒழுக்கம் எனக்கு ஒளி காட்டுகிறது. அவர்கள் கைக்கொள்ளும் ஐந்து சமிதிகளுள் ஒன்று, பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் காட்ட வேண்டிய கவனம். மற்றொன்று, கழிவைக் கழிக்கும் இடத்தில் காட்ட வேண்டிய கவனம். கழிக்க வேண்டியதைக் கழிக்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், பின் மயிற்பீலியால் மெல்ல ஒதுக்க வேண்டும், அதன் பின்னரே கழிக்க வேண்டும். அழிக்கும் கருவியும் அவ்வாறே, அழிப்பதற்குமுன் எத்தனை பதிவுகள், யாருடையவை, எந்தக் காலத்தவை என்று எடுத்துக் காட்டிவிட்டு நிற்க வேண்டும். உரிய மனிதர் பார்த்துச் சரி என்ற பின்னரே அடுத்த அடி வைக்க வேண்டும். நிபந்தனை காலியாக வந்தால் ஒன்றையும் தொடாமல் திரும்ப வேண்டும். விடை வரத் தாமதமானால் முகவர் அதே கட்டளையை மறுபடியும் ஏவக்கூடுமாதலால், இரண்டாம் முறை ஏவினால் என்ன ஆகும் என்பது எழுதப்பட வேண்டும். பாதியில் நின்றால் எது போயிற்று, எது இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எத்தனை நாளுக்குள் மீட்கலாம், மீட்க யாரிடம் செல்ல வேண்டும் என்ற பிராயச்சித்தமும் அங்கேயே இருக்க வேண்டும்.

இத்தகைய கவனம் மென்பொருள் உலகத்தில் அடியோடு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏஐ முகவர்களையும் கருவிகளையும் இணைப்பதற்காக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொது நெறி, தரவை மாற்றக்கூடிய ஒரு கருவி தன்னை அழிக்கும் தன்மையற்றது என்று வெளிப்படையாகச் சொல்லாத வரையில் அதனை அழிக்கக்கூடியதாகவே கொள்ள வேண்டும் என்று பின்னர் வகுத்தது. ஐயம் வந்தால் அஞ்சு என்பதே இதன் சாரம். கருவி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை, நம்பத்தகாத இடத்திலிருந்து வந்தால் நம்பிவிடக் கூடாது என்றும் அந்நெறி எச்சரிக்கிறது. எனவே குறிப்பு மட்டும் காவலாகாது. கதவுக்குத் தாழ்ப்பாளும் வேண்டும். தாழ்ப்பாள் இருந்தும் அது எதற்கென்று எழுதாவிட்டால், ஏடுகளுக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும்: காரணம் மறந்துபோய், யாரோ ஒருவர் தொந்தரவென்று கழற்றி எறிந்துவிடுவார்.

நான் இவ்வளவும் சொல்லி முடித்தபோது, என் தம்பி தறிமேடையிலிருந்து எழுந்து வந்து சுவரோரமாக நின்றிருந்தான். தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியிலிருந்து துளையிட்ட அட்டைகள் கோவையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. துளை உள்ள இடத்தில் இழை எழும், இல்லாத இடத்தில் எழாது. அந்த அட்டைக்குச் சேலையில் விழும் அன்னமும் தெரியாது, மாங்காயும் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் ஜக்கார்டு அமைத்த இந்த முறையைக் கண்டுதான், கணக்கிடும் இயந்திரத்துக்கும் அட்டையால் கட்டளையிடலாம் என்று பாபேஜ் எண்ணினார். கணினிக்குக் கட்டளை எழுதும் வித்தை தறியின் வழியாக வந்தது.

“அட்டையிலே ஒரு துளை தப்பினா, பூ தப்பித்தான் விழும். தறியைத் திட்டி என்னப்பா பிரயோஜனம்? அட்டை அடிச்சவன்தான் பதில் சொல்லணும்” என்று தம்பி தன் மகனிடம் சொன்னான்.

தம்பி மகன் அன்றிரவு வெகு நேரம் விழித்திருந்து எழுதினான். மறுநாள் காலையில் அவன் எனக்குப் படித்துக் காட்டிய குறிப்பு ஒரு முழுப் பக்கத்துக்கு வந்திருந்தது. இக்கருவியை எப்போது பயன்படுத்தலாகாது என்பதே அதன் முதல் வாக்கியமாக இருந்தது.

இத்தொழிலில் இருக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லிக்கொள்ள விரும்புவது இதுதான். அழிக்கும் கருவிக்கு நீங்கள் எழுதும் குறிப்பை அலுவலகத்தின் சில்லறை வேலையாக எண்ணாதீர்கள். உங்கள் பதிவில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு மனிதர். எழுதி முடித்ததும், அந்தக் குறிப்பை உங்கள் வீட்டில் உள்ள பெரியவர் ஒருவருக்கு ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்விக்கு விடை எழுதியபிறகே கருவியை ஒப்படையுங்கள்.